என் மூச்சைத் தின்ற செடி

ஒரகடத்தைத் தாண்டி ஒரு தனியார் ஆராய்ச்சித் தோட்டத்தில், ஆஸ்பராகஸ் செடியின் ஒளிச்சேர்க்கையை அளப்பது என் வேலை. அதில் சாப்பிடுவது இளந்தண்டை. வெட்டாமல் விட்ட தண்டுகள், வாராத தலைமுடி மாதிரி விரிந்து, வெயிலில் உணவு தயாரித்து வேருக்கு அனுப்பும். வேரில் சேர்ந்ததைப் பொறுத்துத்தான் அடுத்த விளைச்சல். நன்றாக விளையும் ரகமும் விளையாத ரகமும் பக்கத்துப் பக்கத்து வரிசையில் இருந்தன. கிளையைக் கருவியின் கவ்வியில் பிடித்தால், காற்றிலிருந்து எவ்வளவு கரியமில வாயுவை இழுக்கிறது என்று எண் வரும். நல்ல ரகத்துக்கு அதிகம், மற்றதற்குக் குறைவு.

அந்த மற்றதுதான் எனக்குப் பிடித்துப்போனது. நான் தென்காசிக்காரி. இருங்காட்டுக்கோட்டை வாடகை அறையில் கூட இருந்த மூன்று பெண்களுக்கும் கார் கம்பெனியில் ஷிப்ட். நான் வரும்போது ஒருத்தி தூங்குவாள். மற்றவர்கள் பஸ் ஏறியிருப்பார்கள். தண்ணீர் வந்ததா என்பதற்கு மேல் வாரக்கணக்கில் யாரோடும் பேச்சில்லை. அதனால் அந்த வரிசையில் குத்தவைத்துப் பேச ஆரம்பித்தேன். மெஸ் சாம்பார், அம்மா போனில் அழுதது, எல்லாவற்றையும்.

மூன்றாம் வாரம் எங்கள் ஆராய்ச்சி அதிகாரி கூப்பிட்டார். மட்ட ரகத்தின் எண் நல்ல ரகத்தை எட்டிப் பிடித்திருந்தது. பிடுங்குவதாக இருந்த வரிசையை இன்னும் ஒரு வருஷம் வைக்கலாம் என்று அவருக்கு ஒரே சந்தோஷம். எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. நாம் விடும் மூச்சிலும் அதே வாயுதானே. கருவி காற்றை இழுக்கும் குழாயின் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசியிருக்கிறேன், மடச்சி. இதை அவரிடம் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டால் செடி பிழைக்கும். ஒரு நாள் முழுக்க மூடித்தான் வைத்திருந்தேன். மறுநாள் போய்ச் சொல்லிவிட்டேன்.

“யாராண்ட பேசிக்கினு இருந்தே?”

“செடிகிட்டதான் சார்.”

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

குழாயை உயரமான கம்பில் கட்டி, வாயே திறக்காமல் நாலு நாள் மறுபடி அளந்தேன். எண் பழையபடி இறங்கிவிட்டது. வரிசையைப் பிடுங்கச் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்து, “உன்னத் தனியா வுட்டது என் தப்புமா. நாளையிலேர்ந்து கூட ஒரு ஆள் போடறேன்,” என்றார். சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

கதவுவரை போனவர் திரும்பினார். “பேசாத பொண்ணாப் பாத்து.”

சொன்னபடியே செய்தார்.