சந்தனப் பொட்டு வைத்த பிரேக்

எங்கள் சித்தப்பாவின் வாடகைக் காரைப் பற்றி அறந்தாங்கியில் ஒரு பேச்சு உண்டு. "இங்கிட்டு பிரேக் போட்டா கட்டுமாவடியிலதான் நிக்கும்" என்பார்கள். சொல்லிவிட்டு அதே காரில்தான் ஏறுவார்கள். ஸ்டாண்டில் அதைப்போல் பறக்கிற வண்டி வேறு கிடையாது.

அப்பா மலேயாவில் இருந்தார். வீட்டில் ஆத்தா, அவள் மகள் நான், எங்களோடு சித்தப்பா. எனக்குப் பத்து வயது. வீட்டில் எந்தப் பொருளையும் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டேன். சித்தப்பாவுக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுப்பதோடு நிற்காமல், எந்த நட்டுக்கு எந்த ஸ்பானர் என்று அவரோடு சண்டையும் போடுவேன். ஆத்தா மட்டும் காரில் ஏறியதில்லை, என்னையும் ஏறவிட்டதில்லை.

"ஓடுறது பெருசு இல்ல தம்பி. நிக்கணும்" என்பாள் சித்தப்பாவிடம். "நிக்கிறத என் கண்ணால பாத்தப்பறம் ஏறுறேன்."

அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டுமாவடி ரோட்டில் ஒரு பந்தயம் நடக்கும். வளைவே இல்லாத ஒரு மைல். இந்த மைல்கல்லில் இரண்டு வண்டிகள் அருகருகே கிளம்ப வேண்டும். அடுத்த மைல்கல்லுக்குப் பக்கத்தில் ரோட்டின் குறுக்கே சுண்ணாம்பால் ஒரு கோடு. முதலில் போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது, கோட்டைத் தொடாமல் நிற்கவும் வேண்டும். கோட்டுக்கு அந்தப் பக்கம் கண்மாய்க் கரை, அதை ஒட்டி ரோடு திரும்பும். சித்தப்பா எப்போதும் முந்துவார், எப்போதும் கோட்டைத் தாண்டுவார். மணமேல்குடிக்காரர் என்று ஒரு டிரைவர், பின்னால் நிதானமாக வந்து கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்திவிட்டு மீசையைத் துடைப்பார்.

பலமுறை இப்படித் தோற்ற பிறகு சித்தப்பா திருச்சிக்குப் போய் ஒரு மூட்டையோடு வந்தார். உடைத்து விற்ற ஒரு வேனின் பிரேக் டிரம் நான்கு. பழையதைவிட இரண்டு விரல் அகலம். உள்ளே சக்கரத்துக்கு இரண்டாக எட்டு பிரேக் ஷூ. பிறைபோல் வளைந்த இரும்பு, அதன் முதுகில் புதிதாக ஆணி அடித்துப் பொருத்திய கருஞ்சாம்பல் நிற லைனிங். மிதித்தால் அந்த முதுகு டிரம்மில் போய் அழுந்தி உரசிச் சக்கரத்தைப் பிடிக்கும். பதினைந்து நாள் ராவி, துளை போட்டு, எங்கள் வண்டிக்கு ஏற்றபடி அவற்றைத் தயார் செய்தார். விஜயதசமி ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று மாட்டுவது, அன்று மாலையே பந்தயம் என்று முடிவாயிற்று.

அதற்கு முதல் நாள் ஆயுத பூசை. ஆத்தா பலகையைப் போட்டு அரிவாள், மண்வெட்டி, கடப்பாரை, அரிவாள்மணை எல்லாவற்றையும் அடுக்கினாள். எட்டு பிரேக் ஷூவும் நடுவில் உட்கார்ந்தன.

"எல்லாத்தையும் தொடச்சு எண்ணெ போட்டு வையி" என்று என்னிடம் நல்லெண்ணெய்க் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அரிவாளும் மண்வெட்டியும் ஒரு துடைப்பிலேயே மின்னின. லைனிங் மட்டும் மின்னவில்லை. சொரசொரவென்று, பாவமாக இருந்தது. ஊற்றினேன், குடித்துவிட்டது. மறுபடி ஊற்றினேன், அதையும் குடித்தது. தாகம் தீரட்டும் என்று எட்டுக்கும் மூன்று தரம் தேய்த்தேன். கடைசியில் துணியால் ஒற்றி எடுத்தபோது மேலே ஈரமே தெரியவில்லை, நிறம் மட்டும் நல்ல கறுப்பாகியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் இரும்பில் சந்தனப் பொட்டு வைத்தேன். சித்தப்பா வெளியே போயிருந்தார். வந்தவர் பொட்டுகளைப் பார்த்து, "வண்டிக்குக் கல்யாணக் களை வந்துருச்சு" என்றார்.

மறுநாள் பொட்டோடேயே மாட்டினார். நேரமாகிவிட்டதென்று கை பறந்தது. மெதுவாக ஓட்டித் தெருவில் இரண்டு தரம் மிதித்துப் பார்த்தார். நின்றது. சித்தப்பா வாசலில் இறங்கி, "மதினி, இன்னக்கி வந்து பாருங்க. கோட்டுக்கு அங்கிட்டு நில்லுங்க. நின்னுருச்சுன்னா இனிமே ஒண்ணும் சொல்லப்படாது" என்றார்.

ஆத்தா போனாள். ஊரே போயிருந்தது. வண்டி ஓடுவதைப் பலதரம் பார்த்தவர்கள், நிற்பதைப் பார்க்க வந்திருந்தார்கள். வழக்கமாக ரோட்டோரத்தில் நிற்கிற கூட்டம் அன்றைக்குக் கோட்டுக்குப் பின்னால் ரோட்டின் குறுக்கேயே நின்றது. கட்டுமாவடியிலிருந்து மீன் கொண்டுவந்தவர்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டு நின்றார்கள். இது எனக்குப் பின்னால்தான் தெரியும். அப்போது நான் ஒரு மைல் தள்ளி, கிளம்புகிற இடத்தில் சித்தப்பாவிடம் நச்சரித்துக்கொண்டிருந்தேன்.

"ஏறு" என்றார். "நிக்கிற வண்டியில இருந்து நீ எறங்குறதப் பாத்தா ஆத்தாவுக்கே நம்பிக்கை வந்துரும்."

கைக்குட்டை விழுந்தது. மணமேல்குடிக்காரரின் வண்டி சற்று நேரம் பக்கத்தில் தெரிந்தது, பிறகு காணோம். பனைமரங்கள் என்னை நோக்கி ஓடிவந்தன. வழக்கமாக ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கிற இடத்தில் சித்தப்பா எடுக்கவில்லை. இன்னும் போனார். இப்போது பிரேக் இருக்கிறதே. பிறகு மிதித்தார். வண்டி தலையைக் குனிந்தது, வேகம் தணிந்தது, நான் கைதட்டினேன். சட்டென்று தலை நிமிர்ந்துகொண்டது. மறுபடி மிதித்தார். மறுபடியும். சக்கரங்களிலிருந்து புகை வந்தது. பணியாரம் சுடுகிற வாசனை வந்தது. யார் வீட்டிலோ அடுப்பு மூட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அந்த ரோட்டில் வீடே கிடையாது.

கை பிரேக்கை இழுத்தார். அதுவும் அதே ஷூவைத்தானே இழுக்க வேண்டும். கியரைக் குறைத்தார், வண்டி அலறியது. வெள்ளைக் கோடு தெரிந்தது. கோட்டுக்குப் பின்னால் வரிசையாக முகங்கள். ஒருவரும் நகரவில்லை. கடைசி நிமிஷம்வரை நின்றுவிடும் என்றே நம்பிக்கொண்டு நின்றார்கள். நடுவில் ஆத்தா. அவள் வண்டியைப் பார்க்கவில்லை, வண்டிக்குள் என்னைப் பார்த்துவிட்டாள். வாய் திறந்திருந்தது.

சித்தப்பா ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தார்.

வானம் கண்ணாடியில் வந்தது, பிறகு தண்ணீர் வந்தது. கண்மாய்ச் சரிவில் இறங்கி, சேற்றில் மூக்கைக் குத்தி வண்டி நின்றது. என் தாடை கிழிந்திருந்தது. சித்தப்பாவின் இடது தோள் எலும்பு முறிந்து ஒரு பக்கம் தொங்கியது. ஆத்தா சேலையோடு சேற்றில் இறங்கி வந்து என்னை வெளியே இழுத்தாள். அழவில்லை, அடிக்கவில்லை. என் கைவிரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். பத்தும் எண்ணிவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். "மதினி" என்றார் சித்தப்பா. அவள் திரும்பவில்லை.

மறுநாள் காலை இரண்டு ஜோடி மாடு கட்டி வண்டியைக் கரையேற்றினார்கள். கட்டுப்போட்ட தோளோடு சித்தப்பா வந்திருந்தார். ஸ்டாண்டு டிரைவர்கள் அத்தனை பேரும் சுற்றி நிற்க, மணமேல்குடிக்காரர்தான் டிரம்மைக் கழற்றினார். உள்ளே சேற்றுத் தண்ணீரின்மேல் எண்ணெய் வட்டம் வட்டமாக மிதந்தது. அவர் லைனிங்கை விரலால் அழுத்தி முகர்ந்தார்.

"என்னய்யா இது, நல்லெண்ணெய்யா?"

எனக்குப் பெருமையாக இருந்தது. வகுப்பில் கை தூக்குவதுபோல் தூக்கினேன். வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா, "பாப்பா, எனக்குக் குடிக்கத் தண்ணி வாங்கிட்டு வா" என்றார். நான் நகரவில்லை. அவர் அவர்கள் பக்கம் திரும்பினார்.

"ஏங் கைதான்யா. பூசைக்கு எண்ணெ தொட்டுட்டுக் கையத் தொடைக்காம மாட்டிப்புட்டேன்."

"எட்டும் ஊறிக் கெடக்கு, சூடேறினதும் கக்கியிருக்கு. கையில இருந்த எண்ணெயா?"

"ஆமா. நெறையா இருந்துச்சு."

யாரோ சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார்கள். மணமேல்குடிக்காரர் என் கவுனில் இருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்தார். ஷூவைத் தரையில் வைத்தார். சந்தனப் பொட்டு ஒன்று அழியாமல் இருந்தது.

நான் தண்ணீருக்கு நடந்தேன், கோபத்தோடு. ஒரு மத்தியானம் முழுக்கத் தேய்த்தவள் நான். அந்த வேலையைச் சித்தப்பா தன் பேரில் போட்டுக்கொண்டாரே என்று கோபம். எண்ணெய் போட்டால் இயந்திரம் நன்றாக ஓடும், இது எனக்குத் தெரிந்த பாடம். நிற்க வேண்டிய பொருளுக்கு வேறு பாடம் என்பது ஒன்பதாம் வகுப்பில் உராய்வைப் பற்றி வாத்தியார் நடத்தியபோதுதான் தெரிந்தது. அன்று பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோட்டுக்குப் பின்னால் நின்ற முகங்கள் கரும்பலகையில் வரிசையாக வந்தன. உடம்பு சரியில்லையா என்று வாத்தியார் கேட்டார். ஆமாம் என்றேன்.

ஆனால் அது பின்னால். அப்போது எனக்குப் பத்து வயது.

தோள் கூடி, வண்டியும் சரியாகி, பழைய பிரேக்கே மறுபடி ஏறி, தை மாதம் சித்தப்பா ஸ்டாண்டுக்குத் திரும்பினார். பள்ளிவிட்டு வரும்போது போய் அவர் பக்கத்தில் உட்காருவேன். வரிசையில் எங்கள் வண்டிதான் முதலில் நிற்கும். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் மூட்டை முடிச்சோடு நேரே வருவார்கள். சித்தப்பாவின் முகத்தைப் பார்ப்பார்கள். "வாங்க, எங்க போகணும்?" என்பார் அவர். "இல்லைங்க, ஆளு வரணும்" என்று சொல்லிவிட்டு அப்படியே தாண்டிப்போய் இரண்டாவது வண்டியில் ஏறுவார்கள். மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும்.

நானும் கவனித்துப் பார்த்தேன். இரண்டாவது வண்டி பச்சை நிறம். எங்களுடையது கறுப்பு.

"சித்தப்பா, கறுப்பா இருக்கதாலதான் யாரும் ஏற மாட்டேங்கிறாங்க. பச்சை அடிச்சிருவோமா?"

அவர் கறுப்புக் கதவைக் கையால் தடவினார்.

"அடிச்சிருவோம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக அடித்தோம். அடிக்கிறபோது பாட்டுக்கூடப் பாடினார். வண்டி வாழைக்குருத்துபோல் ஆயிற்று. திங்கட்கிழமை முதல் ஆளாகக் கொண்டுபோய் நிறுத்தினார். அன்றும் யாரும் ஏறவில்லை.

நான் வேறு நிறம் யோசிக்க ஆரம்பித்தேன்.