ஃபேனை நிறுத்தச் சொன்ன பாட்டு

பேச்சு டீச்சருக்குப் பாட வராது. புதிதாக வரும் நோயாளிகளிடம் முதல் நாளே அதைச் சொல்லிவிடுவார்.

"எனக்குக் குரல் கெடையாது. பள்ளிக்கூடத்துல எல்லாரும் சேர்ந்து பாடும்போதே, 'நீ வாய மட்டும் அசைம்மா'ன்னு பின்வரிசையில நிக்க வச்சாங்க. அதனால கூச்சப்படாம பாடுங்க. என்னைவிட மோசமா யாராலயும் பாட முடியாது."

சிரிக்க முடிந்தவர்கள் ஒரு பக்க உதட்டால் சிரிப்பார்கள்.

பெரிய அரசு மருத்துவமனையின் தரைத்தளத்தில், மாவுக்கட்டு போடும் அறைக்கு அடுத்த அறை அவருடையது. அங்கே கட்டு வெட்டும் ரம்பம் ஓடினால் இங்கே வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஒரு மேசை, மூன்று நாற்காலி, சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடி, ஓரம் நைந்துபோன படச்சீட்டுகள் ஒரு கட்டு. இவ்வளவுதான் சாமான். பதவிப் பெயர் பேச்சுப் பயிற்சியாளர். அதைச் சொல்லத்தான் நோயாளிகளுக்கு வாய் வராதே, அதனால் டீச்சர் ஆகிவிட்டார். பத்தொன்பது வருடமாக டீச்சர்.

பக்கவாதம் வந்து பேச்சு போனவர்களுக்குப் புத்தி எங்கேயும் போய்விடுவதில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று நன்றாகத் தெரியும். வார்த்தை நாக்கு நுனிவரை வந்து அப்படியே நின்றுவிடும். ஆனால் பேச வராத அதே வார்த்தை சிலருக்குப் பாட வரும். மூளையில் பேச்சுக்கு ஒரு பக்கம் என்றால் பாட்டுக்கு மறுபக்கமும் கைகொடுக்கும் என்பார்கள் மருத்துவர்கள். டீச்சர் அந்த மறுபக்கத்துக் கதவைத் தட்டுகிறவர்.

அதற்கென்று அவர் ஒரு மெட்டு வைத்திருந்தார். மெட்டு என்று சொல்வதுகூடப் பெரிய வார்த்தை. ஐந்தே தட்டு. முதல் இரண்டுக்குக் குரல் கீழே, அடுத்த இரண்டுக்கு மேலே, கடைசி ஒன்றுக்கு மறுபடி கீழே. நோயாளியின் இடது கையைப் பிடித்து மேசையில் தட்டிக்கொண்டே பாடுவார். "தண்ணி எடுத்தா." "கால் வலிக்குது." "கதவ சாத்து." எல்லாம் அந்த ஒரே மெட்டில்தான். அதற்கு மேல் அவருக்கு வராது.

லிஃப்ட் மெக்கானிக்கான அவர் கணவர் இதைக் கேட்டுவிட்டு ஒருநாள் சொன்னார்: "உன் பாட்டக் கேட்டு அவங்களுக்குப் பேச்சு வர்றதுல என்ன ஆச்சரியம்? 'போதும் நிறுத்து'ன்னு சொல்றதுக்காவது வாய் வந்துதானே ஆகணும்!"

கால்பந்து ரெஃப்ரி அந்த அறைக்கு வந்து சேர்ந்தது ஒரு திங்கட்கிழமை காலையில். முப்பது வருடம் மைதானத்தில் விசில் ஊதி ஓய்வு பெற்றவர். சக்கர நாற்காலியில் வலது கை மடியில் கிடக்க, முகம் கடுகடுவென்று இருந்தது. தள்ளிக்கொண்டு வந்த மகள் தொப்பியும் முகக்கவசமும் போட்டிருந்தாள். பக்கத்து அறை மாவுக்கட்டுக்காரர் எட்டிப் பார்த்து, அடுத்த நிமிடமே கையெழுத்து வாங்க ஒரு கட்டுத் துண்டோடு வந்து நின்றார். அப்போதுதான் அவள் பெரிய பாப் பாடகி என்று டீச்சருக்குத் தெரிந்தது.

ரெஃப்ரிக்கு மிஞ்சியிருந்தது ஒரே சொல். "ஆமா." வேண்டும் என்றாலும் ஆமா, வேண்டாம் என்றாலும் ஆமா. அதனால் வீட்டில் எல்லாம் தலைகீழாக நடந்தது. அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எப்பப் பாத்தாலும் விரல மேல காட்டுறாரு, டீச்சர்," என்றாள் மகள். "மேல போறேன்னு சொல்றாரு. அத்தை பாத்துட்டு அழ ஆரம்பிச்சுட்டாங்க. சாமி படம் கொண்டாந்து காட்டினோம். இன்னும் கோவப்படுறாரு."

டீச்சர் ரெஃப்ரியின் பக்கம் திரும்பினார். "சார், நான் ஒண்ணொண்ணா கேக்கறேன். சரியா இருந்தா மேசையத் தட்டுங்க. இல்லன்னா சும்மா இருங்க. சாமியா?"

கை அசையவில்லை.

"மேல் வீட்டுக்காரங்க சத்தமா?"

அசையவில்லை.

டீச்சர் அவர் கழுத்தைப் பார்த்தார். காலை வெயிலிலும் காலர் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். "ஃபேனா?"

ரெஃப்ரி மேசையை ஓங்கித் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். கண்ணில் நீர் வழிந்தது. இரண்டு மாதமாகத் தலைக்கு மேல் ஃபேன் முழு வேகத்தில் சுற்றியிருக்கிறது. குளிரில் நடுங்கிக்கொண்டு கிடந்தவருக்கு ஃபேனை நிறுத்தச் சொல்ல வழியில்லை. அப்பாவுக்கு வியர்க்கக்கூடாது என்று வேகத்தைக் கூட்டி வைத்ததே மகள்தான்.

அவருக்கு முதல் பாடம் அன்றைக்கே முடிவாகிவிட்டது. "ஃபேன நிறுத்து." கணக்காக ஐந்து தட்டு.

ஐந்து வாரம் பிடித்தது. முதலில் உதடு மட்டும், பிறகு டீச்சரோடு சேர்ந்து, பிறகு டீச்சர் பாதியில் நிறுத்த அவர் முடித்து. ஆறாவது வாரத்தின் ஒரு காலையில் வீட்டுக் கூடத்தில் மகள் பியானோ முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒரு படத்துக்கு மையப்பாட்டு தர ஒப்புக்கொண்டு, பதினோரு மெட்டு போட்டு, பதினொன்றையும் டைரக்டர் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தவளுக்கு உள் அறையிலிருந்து கேட்டது. இரண்டு கீழே, இரண்டு மேலே, ஒன்று கீழே.

"ஃபேன நிறுத்து."

ஓடிப்போய் ஃபேனை நிறுத்தினாள். கட்டில் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து சிரித்தாள், அழுதாள். அப்பா உற்சாகமாகிவிட்டார். நிறுத்திய ஃபேனை மறுபடி மறுபடி நிறுத்தச் சொல்லிப் பாடிக்கொண்டே இருந்தார். மதியத்துக்குள் அந்த ஐந்து தட்டு அவள் காதை விட்டுப் போக மறுத்தது. பியானோவில் வாசித்துப் பார்த்தாள். வார்த்தையை மாற்றிப் பார்த்தாள். "காத்தே நீ நில்லு."

அடுத்த நாள் டைரக்டர் கேட்டுவிட்டு நாற்காலியை விட்டு எழுந்து நின்றாராம்.

படம் சுமாராகத்தான் ஓடியது. பாட்டு ஊரையே சுழற்றி அடித்தது. காதலைப் பற்றிய பாட்டு என்றார்கள், காலத்தைப் பற்றியது என்றார்கள், மரணத்தைப் பற்றியது என்று ஒருவர் பத்திரிகையில் முழுப்பக்கம் எழுதினார். பேட்டியில் கேட்டபோது பாடகி, "எங்கப்பா ஃபேன நிறுத்தச் சொன்னாரு, அதான்," என்றாள். பேட்டி எடுத்தவர் அதை நல்ல நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

டீச்சருக்குச் செய்தி கொண்டுவந்தவர் கணவர். ஒரு கடைக் கட்டடத்தில் லிஃப்ட் பழுது பார்த்தவர் உள்ளேயிருந்தே போன் செய்தார். "இந்தா, கேளு. உன் பாட்ட லிஃப்ட்ல போட்டிருக்காங்க!" டீச்சர் கேட்டார். வயலின்கள் நாற்பது, டிரம்ஸ், அந்தப் பெண்ணின் தேன் குரல். அதற்கு நடுவே, பின்வரிசையில் நின்று வாயை மட்டும் அசைத்த பிள்ளையின் ஐந்து தட்டு. அன்றைக்கு அவருக்குத் தலைகால் புரியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் முணுமுணுத்தபோது ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டார்.

அந்தச் சந்தோஷம் மூன்று வாரம்கூட நிற்கவில்லை.

தையல்காரர் ஒருவர் அவரிடம் வந்துகொண்டிருந்தார். மூன்று மாதமாக ஒரு சொல்லும் வரவில்லை. அன்று அவர் மனைவி அறைக்கு வெளியிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார்.

"டீச்சரம்மா! பேச்சு வந்துடுச்சு! காலையில ரேடியோவோட சேந்து முழுசா பாடினாரு. ஒரு வார்த்த விடல. பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லிட்டேன்!"

தையல்காரர் முகம் மலர்ந்திருந்தது. டீச்சர் கையைப் பிடித்தார். "அண்ணே, தாகமா இருக்குன்னு வச்சுக்குங்க. என்கிட்டக் கேளுங்க." தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

"காத்தே நீ நில்லு," என்று பாடினார் தையல்காரர்.

"இல்லண்ணே. தண்ணி எடுத்தா."

"காத்தே நீ நில்லு." தான் கேட்க நினைத்தது அது இல்லை என்று அவருக்கே தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டார். மலர்ந்த முகம் செத்துப்போயிற்று.

மனப்பாடமான பாட்டு வருவது வேறு, நினைத்ததைச் சொல்வது வேறு. இதை மனைவியிடம் டீச்சர்தான் சொல்ல வேண்டியிருந்தது. "பாட்டுதான் வருதுக்கா. பேச்சு இன்னும் வரல." அந்தம்மா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "அப்ப பக்கத்து வீட்டுல என்னன்னு சொல்லுவேன்?" என்று கேட்டார்.

அந்த மாதத்தில் நான்கு பேருக்கு இதே கதை. டீச்சர் கையைத் தட்டினால் போதும், சினிமாப் பாட்டு வந்து விழுந்தது. பத்தொன்பது வருடமாகக் கைகொடுத்த மெட்டு ஊர் வாயில் விழுந்து கெட்டுப்போய்விட்டது.

வியாழக்கிழமை பாடகி அப்பாவோடு வந்தபோது டீச்சர் உட்காரக்கூடச் சொல்லவில்லை. நடந்ததை எல்லாம் கொட்டித் தீர்த்தார். பாடகிக்கு உண்மையிலேயே தெரியவில்லை. பயிற்சிக்குப் பெரும்பாலும் அத்தைதான் கூட்டி வருவார்; அப்பாவே போட்டுக்கொண்ட ராகம் என்று இவள் நினைத்திருந்தாள். வெளுத்துப்போய் நின்றாள்.

"என்ன மன்னிச்சிடுங்க டீச்சர். உங்க பேரப் போடச் சொல்றேன். எல்லா எடத்துலயும்."

"என் பேரப் போட்டா அந்தத் தையல்காரருக்குத் தண்ணி கெடைக்குமா?"

"அப்ப நான் என்ன செய்யணும்?"

"எனக்கு வேற மெட்டு போட்டுக் குடுங்க. ஆனா ஒண்ணு, அத வெளிய எங்கயும் பாடக்கூடாது."

அடுத்த வியாழன் அவள் சின்ன கீபோர்டோடு வந்தாள். மாவுக்கட்டுக்காரர் ரம்பத்தை நிறுத்திவிட்டுக் கதவோரம் நின்றார். முதல் மெட்டை வாசித்தாள். கேட்க அவ்வளவு இனிமை. ரெஃப்ரியால் அதைப் பிடிக்கவே முடியவில்லை. இரண்டாவது இன்னும் இனிமை. "தண்ணி எடுத்தா" என்பதற்குள் ஏழு வளைவு. மூன்றாவதைப் பாடும்போது ரெஃப்ரி சட்டைப் பையைத் துழாவி மருத்துவமனைச் சீட்டை எடுத்து, மஞ்சள் அட்டை காட்டுவதுபோல் தலைக்கு மேல் உயர்த்தினார். எல்லோரும் சிரித்தார்கள். பாடகிக்குச் சுருக்கென்றது. பிடிவாதமாக நாலாவதைத் தொடங்கினாள்.

"நல்லா இல்ல," என்றார் ரெஃப்ரி.

தட்டவில்லை, பாடவில்லை. சும்மா சொன்னார்.

பாடகியின் கை கீபோர்டிலேயே நின்றுவிட்டது. "அப்பா, என்ன சொன்னீங்க?"

அவருக்கு மறுபடி வரவில்லை. உதடு போராடியது, "ஆமா" என்றுதான் வந்தது. ஆனால் மூன்று பேர் கேட்டிருந்தார்கள். டீச்சர் தேதியைக் குறித்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து டீச்சர் சொன்னார்: "நீங்க பாட்டா போடுறீங்கம்மா. இது பாட்டே இல்ல. ரொம்ப தாகமா இருக்கு, யாரும் தண்ணி தரல. எப்படிக் கேப்பீங்க? அப்படியே கேளுங்க. அதக் கொஞ்சம் இழுங்க, போதும்."

பாடகி கீபோர்டை மூடி வைத்தாள். எரிச்சலோடு "தண்ணி எடுத்தா" என்று கேட்டுப் பார்த்தாள். இழுத்தாள். மேலே தொடங்கி இறங்கி, கடைசியில் ஒரு படி ஏறியது. அழகே இல்லை. டீச்சர் பாடினார், அவருக்கும் வந்தது. ரெஃப்ரியின் கை மேசையில் சேர்ந்து தட்டியது. அன்று அதுபோல் இன்னும் இரண்டு போட்டு வைத்தார்கள்.

பாடகி வாக்கைக் காப்பாற்றினாள். ஒரே ஒரு முறை, அந்த மூன்றில் கடைசி மெட்டை ஒரு படத்துக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். "கூடவே கூடாது," என்றார் டீச்சர். அதோடு சரி. ரெஃப்ரிக்குப் பேச்சு சிறுகச் சிறுகத் திரும்பியது, நீளமான வாக்கியம் கடைசிவரை வரவில்லை. மகளின் புதுப் பாட்டுகளைக் கேட்டு ஒரு சொல்லில் தீர்ப்புச் சொல்ல அது போதுமாயிருந்தது.

தையல்காரருக்குப் புது மெட்டில் "தண்ணி எடுத்தா" வர ஏழு வாரம் ஆயிற்று. மனைவி செம்பு நிறையக் கொண்டுவந்தார். அவர் முழுவதும் குடித்தார். அடுத்து எதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று டீச்சர் படச்சீட்டுகளைப் பரப்பினார். சோறு, கட்டில், வீடு, பேரப்பிள்ளை. எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அவர் மனைவியின் கைப்பையை இழுத்தார். இத்தனை மாதமும் கடையைத் தனியாக ஓட்டிக்கொண்டிருந்த அந்தம்மா கொடுக்க வேண்டிய ரவிக்கை ஒன்றைப் பையில் வைத்திருந்தார். தையல்காரர் அதன் கைப்பகுதியை விரித்து, மடிப்பு கோணலாக இருந்ததைக் காட்டி, சரியில்லை என்று தலையை ஆட்டினார்.

டீச்சருக்குப் புரிந்துவிட்டது. மூன்று வியாழன் அதற்குப் போயிற்று. நாலாவது வியாழன் அவர் மனைவியை நேராகப் பார்த்து, மேசையைத் தட்டி, தெளிவாகப் பாடினார்.

"தையலப் பிரி."

"அடப்பாவி மனுஷா!" என்றார் அந்தம்மா. "இதச் சொல்லத்தான் வாய் வந்துச்சா?"

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்தார். அங்கேயே, டீச்சரின் மேசை மேலேயே, இன்னும் கொடுக்காமல் வைத்திருந்த அந்த ரவிக்கையைப் போட்டு, ஒவ்வொரு நூலாகப் பிரிக்க ஆரம்பித்தார்.