கூடத்தில் ஒரு விமானம்

லிஃப்ட்காரருக்கு அப்போது எழுபத்து மூன்று வயது. பதினோரு மாடி அலுவலகக் கட்டடத்தில் முப்பத்தொரு வருடம் லிஃப்ட் இயக்கியவர். ஒரு முக்காலி, தலைக்கு மேல் சின்ன மின்விசிறி, கைக்கெட்டும் தூரத்தில் பொத்தான்கள். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் அவர் லிஃப்ட்காரர்தான். அவருக்கு ஒரே பெருமை, வேலை நேரத்தில் ஒருநாளும் லிஃப்டை நிறுத்திவிட்டுச் சிறுநீர் கழிக்கப் போனதில்லை என்பது.

"ஜனம் காத்துக்கிட்டு நிக்கும் சிஸ்டரம்மா. சாப்பாட்டு நேரம் வரைக்கும் அடக்கிக்குவேன்," என்பார்.

புரோஸ்டேட் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவரைக் கவனித்துக்கொள்ள அவர் வீட்டுக்குப் போனேன். நோயாளிகளைப் பராமரிப்பதில் பயிற்சி பெற்று, அந்தத் தொழிலிலேயே முப்பத்திரண்டு வருடம் ஓட்டியவள் நான். புண் நன்றாக ஆறிவிட்டது. சிறுநீர் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்தாக வேண்டும். தாமதித்தால் வேட்டி நனைந்துவிடும்.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். நாட்டின் மறுகோடியில், வருடம் முழுக்க வெயிலடிக்கும் கடற்கரை நகரத்தில், மகள் வீட்டில் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தாள்.

"டேய், நான் இருக்கும்போதே வர்றியா, இல்ல என் போட்டோவப் பாக்க வர்றியா?"

ரயிலில் போனால் இரண்டு நாள். விமானத்தில் மூன்று மணி நேரம். லிஃப்ட்காரரின் மகன் அவருக்கும் துணைக்கு எனக்கும் டிக்கெட் எடுத்தான். பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைக்கவில்லை. அவருக்குப் பதினான்காம் வரிசையில் ஜன்னலோரம், எனக்கு இரண்டு வரிசை பின்னால்.

"நடைவழிப் பக்கமா மாத்திக் கேளுப்பா. அடிக்கடி எழுந்திரிக்கணும்," என்றேன் மகனிடம்.

"மாத்தக் கூடாது," என்றார் லிஃப்ட்காரர். "முப்பத்தொரு வருஷம் மேலயும் கீழயும் போயிருக்கேன். ஒரு ஜன்னல் பாத்ததில்ல."

டயப்பர் போட்டுக்கொள்ளச் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இதுல வெட்கப்பட என்ன இருக்குங்கய்யா? கண்ணு மங்கினா கண்ணாடி போடறதில்லையா?" என்றேன். எல்லா நோயாளிகளிடமும் நான் சொல்லும் வசனம் அது.

வெளியே செய்ய வேண்டியதை முதலில் வீட்டில் செய்து பார்க்க வைப்பது என் வழக்கம். விழுவதானால் வீட்டிலேயே விழட்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடத்தில் மூன்று நாற்காலிகளை ஒட்டிப் போட்டேன். ஜன்னலோரம் அவர், நடுவில் மருமகள், ஓரத்தில் எதிர்வீட்டுத் தையல்காரர். பெல்ட்டுக்குப் பழைய துப்பட்டா.

"நீங்க ரெண்டு பேரும் முன்பின் தெரியாதவங்க. அவரா கேட்டாத்தான் வழி விடணும்," என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

"பைலட் எங்க சிஸ்டர்?" என்றார் தையல்காரர்.

"உள்ள குளிக்கிறாரு," என்றாள் மருமகள். "மாமா, ஜன்னல் வழியா மேகம் தெரியுதா?"

"எதிர்வீட்டுக் கொடியில உன் வீட்டுக்காரன் பனியன்தான் தெரியுது."

எல்லோரும் சிரித்தோம். பிறகு தையல்காரர் செய்தித்தாளை விரித்தார், மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் கையில் கடிகாரத்தோடு எதிரே நின்றேன்.

ஐம்பதாவது நிமிடத்தில் அவர் முழங்கால்கள் ஒட்டிக்கொண்டன. அறுபதில் நெற்றி வேர்த்தது. எல்லாவற்றையும் பார்த்தேன். கேட்கட்டும், அதற்குத்தானே பயிற்சி என்று நின்றேன். அவர் மருமகளை ஒருதரம் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. அறுபத்தெட்டாவது நிமிடத்தில் மருமகள் துள்ளி எழுந்தாள். அவள் சேலை ஓரமும் நனைந்திருந்தது.

நல்ல மனதோடுதான் தையல்காரர் சொன்னார்: "விமானம் கடல்ல இறங்கிடுச்சு போல." யாரும் சிரிக்கவில்லை. அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார்.

குளியலறையில் தண்ணீர் ஊற்றியபோது லிஃப்ட்காரர் சுவரைப் பார்த்தே நின்றார்.

"கேட்டிருக்கலாமேய்யா?"

"நகருங்க, உள்ள போங்கன்னு ஆயிரம் பேரை விரட்டிருக்கேன். எல்லாம் அவங்க போறதுக்கு. எனக்காக ஒருத்தரையும் நகரச் சொன்னதில்ல." துண்டை வாங்கிக்கொண்டு, "டிக்கெட்ட ரத்து பண்ணச் சொல்லுங்க. அக்காகிட்ட எனக்குக் காய்ச்சல்னு சொல்லிடலாம்," என்றார்.

"இதுல வெட்கப்பட என்ன..." என்று ஆரம்பித்தேன்.

"உங்களுக்கு என்ன தெரியும்?" என்றார்.

எனக்குத் தெரியும். அதுதான் உறுத்தியது. நான்கு வருடமாக எனக்கும் தும்மினால் கசிகிறது, சிரித்தால் கசிகிறது. பையில் ரத்த அழுத்தக் கருவிக்கு அடியில், செய்தித்தாளில் சுற்றிய பேட் எப்போதும் இருக்கும். உபயோகித்ததை அந்த வீட்டுக் குப்பைக்கூடையில் ஒருநாளும் போட்டதில்லை. கட்டி எடுத்து என் வீட்டுக்குக் கொண்டுபோவேன். பெற்ற மகளுக்குக்கூடத் தெரியாது.

மறுநாள் காலை அந்தப் பொட்டலத்தைப் பிரித்து அவருடைய மேசைமேல் வைத்தேன். "இது என்னோடது."

எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "எத்தனை வருஷமா?"

"நாலு."

"அப்போ கண்ணாடி, அது இதுன்னு எனக்குச் சொன்னதெல்லாம்?"

"ஊருக்கு உபதேசம். நேத்து நீங்க தவிச்சதையும் பாத்துக்கிட்டேதான் நின்னேன். தப்பு என்னுதுங்கய்யா. மன்னிச்சிருங்க."

முகம் கொஞ்சம் இளகியது. "போன வாரம் தும்மல் வந்தப்போ சட்டுனு சோபாவுல உக்காந்தீங்களே. அப்பவே சந்தேகப்பட்டேன்."

"கவனிச்சீங்களா?"

"லிஃப்ட்காரன் சிஸ்டரம்மா. உள்ள வர்ற ஆள் எதுக்கு நெளியறாருன்னு பாத்தாலே தெரியும். உங்களுக்குன்னு வாங்கும்போது எனக்கும் ரெண்டு பாக்கெட் வாங்குங்க."

புதன்கிழமை மறுபடியும் நாற்காலிகளைப் போட்டோம். தையல்காரர் தயங்கித் தயங்கித்தான் வந்தார். நாற்பதாவது நிமிடத்தில் லிஃப்ட்காரர் தொண்டையைச் செருமினார். "கொஞ்சம் வழி விடுங்க."

"தூங்கறேன்ல?" என்றார் தையல்காரர், கண்ணைத் திறக்காமல்.

"எழுப்பிட்டேன்ல? எந்திரிங்கய்யா!"

தெருவரைக்கும் கேட்டிருக்கும்.

நிஜ விமானத்தில் மூன்று முறை எழுந்தார். பக்கத்தில் இருந்த இருவரும் அவருக்காக நடைவழியில் வந்து நின்றதை இரண்டு வரிசை பின்னாலிருந்து பார்த்தேன். மூன்றாவது முறைக்கு அவசியமே இல்லை என்று இறங்கிய பிறகு சொன்னார். கேட்டால் எழுகிறார்களா என்று பார்த்தாராம். கடலையும் பார்த்துவிட்டார்.

அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தம்பியின் கன்னத்தைத் தடவினாள். முதல் பேச்சே, "இவ்ளோ தூரம் வந்திருக்கே, ஒண்ணுக்குப் போகணுமாடா? அந்தக் கதவுதான், போயிட்டு வா," என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நீயும் போறியாம்மா?" என்றாள்.

"இல்லம்மா, எனக்கு வேண்டாம்," என்றேன். விமானத்தில் மூன்று மணி நேரமும் நான் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இரண்டு வாலிபர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இப்போது கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கால் மாற்றி நின்றேன்.

கதவுவரை போன லிஃப்ட்காரர் திரும்பி என் கால்களைப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, பழைய உத்தியோகக் குரலில் சொன்னார்:

"நீங்க முதல்ல உள்ள போங்க."