தாடியில் ஈரம்

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் நோயாளி, தட்டிலிருந்த உலர்ந்த மண்ணில் உள்ளங்கைகளைத் தட்டி முகத்தில் தடவிக்கொண்டார். தொழுகைக்கு முன் தண்ணீரில் முகம், கை, கால் கழுவி ஒளூ செய்ய முடியாதவர்களுக்கான தயம்மும் அது. அந்த மண் வாசனை என்னை ஐம்பதுகளின் ஹட்டனுக்கு, இலங்கையின் அந்தக் குளிர்மலை ஊருக்கு இழுத்தது.

அத்தாவுக்கு, என் அப்பாவுக்கு, நிமோனியா. முகமோ காலோ நனையவே கூடாது, உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அம்மா மண் தட்டு வைத்தார். ஆனால் தொழுது முடித்த அத்தாவின் தாடி ஈரமாக இருந்தது.

"பனி, புள்ள" என்றார் அம்மாவிடம்.

"பனி வூட்டுக்குள்ளயா பெய்யுது? அல்லாவே மண்ணு போதும்னுட்டான். ஒங்களுக்குத்தான் தண்ணி கேக்குதாக்கும்!"

"மண்ணத் தடவுனா தொழுத மாதிரியே இல்ல."

அன்றுமுதல் ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் அம்மா ஸலாம் சொல்லி அத்தாவின் கைகளைப் பற்றிக்கொண்டார். பார்க்க வந்தவர்கள் அதை மரியாதை என்று நினைத்தார்கள். கைகள் சில்லிட்டிருக்கின்றனவா என்றுதான் அம்மா பார்த்தார். அத்தா குணமாகிப் பல மாதங்கள் கழித்தும் அந்தச் சோதனையை அவர் நிறுத்தவில்லை.