டைகருக்குத் தாண்ட கத்துக் குடுத்தவன்

நாய்க்குத் தாண்ட கத்துக் குடுக்கறதெல்லாம் ஒரு வேலையானு சிரிக்கிறீங்க இல்ல? சிரிங்க, சிரிங்க. உங்க வீட்டு நாய் ‘வா’னு கூப்ட்டா எதிர்ப்பக்கம் போற கதை எனக்குத் தெரியாதா? நாம எல்லாம் ஒரே கட்சிதான்.

நான் பாலிடெக்னிக்கைப் பாதியில விட்டுட்டு ஊர் சுத்தினு இருந்தேன். செங்கம் ரோட்ல லாட்ஜ் வெச்சிருந்த கரீம் பாய் கூப்ட்டாரு. அவரு நாய் டைகரு, கண்ட சுவரு மேலருந்தும் குதிச்சு நொண்டினே இருக்கும். பாய்க்கு அது புள்ள மாதிரி. "அடிபடாம தாண்ட சொல்லிக் குடுடா. இதுக்கு ஒரு காலு போச்சுன்னா, உனக்கு ரெண்டும் போயிடும்"ன்னாரு.

ஓடின ஸ்டூலு

மொத நாளே ரெண்டு ஸ்டூலுக்கு நடுவுல துடைப்பக் கட்டையை கம்பியால இறுக்கிக் கட்டிட்டேன். டைகரு தாண்டுச்சு. பின்னங்காலு மாட்டிக்குச்சு. கட்டை, ஸ்டூலு எல்லாத்தையும் இழுத்துனு ஓடுது! நல்லவேளை, காலுக்கு ஒண்ணும் ஆவல. அப்புறம்தான் ரெண்டு செங்கல்லு மேல குச்சியை சொம்மா வெச்சேன், கால் பட்டா விழுந்துடும். ஸ்டூலு ஓடினதைப் பாத்த பாய் தலையில கைவெச்சுனு கேட்டாரு: "டேய், நீ நாய்க்குத் தாண்ட கத்துத் தர்றியா, ஸ்டூலுக்கு ஓட கத்துத் தர்றியா?"

பெட்டு யாருக்கு

சிமெண்ட் தரையில குதிச்சா மூட்டு போயிடும்னு ஒரு பெட்டைக் கொண்டாந்து போட்டேன். டைகரு மெத்துனு வந்து விழுது, எனக்கு ஒரே பெருமை. அதுக்குள்ள மாடியிலருந்து ஒரு ஆளு துண்டோட எறங்கி வந்து மலைச்சு நிக்கிறாரு: "தம்பி, ரூமுக்கு வாடகை குடுத்தது நானா, நாயா?"

பௌர்ணமி

முழங்கால் உயரம் வரைக்கும் அழகா வந்துடுச்சு. ‘தாண்டு’ன்னா தாண்டும், நேரா வந்து பிஸ்கட்டு கேக்கும். அந்தப் பௌர்ணமிக்கு லாட்ஜ் வாசல்ல ஒரே கிரிவலக் கூட்டம். கேட்டுக்கு எதிர்ல ஒரு அக்கா பஜ்ஜி போட்டுனு இருக்குது. அப்போ ஏது செல்போன்ல மேப்பு? ஒரு பையன் வழி கேக்க, எவனோ ஒரு வாயாடி ஸ்டைலா கைய நீட்டி, "பஜ்ஜிக்கடையைத் தாண்டு, எமலிங்கத்தைத் தாண்டு, தாண்டினே போ"ன்னுட்டான்.

டைகரு கேட்டைத் தாண்டுச்சு. அடுத்தது பஜ்ஜிக்கடை. கொதிக்கிற எண்ணெய் சட்டிக்கு மேல வயிறு போவுது, நாலு காலும் மடக்கி, நான் சொல்லிக் குடுத்த மாதிரியே! அந்த அக்கா கரண்டியைப் போட்டுட்டு அலறுது. அந்தாண்ட வெங்காய மூட்டை மேல போய் விழுந்துச்சு. ஒரு முடி கருகல.

"எவன்டா தாண்டுனு சொன்னவன்? வெளிய வாடா!"னு பாய் கத்துறாரு. நானும் எல்லாரோட சேந்து சுத்திமுத்தும் தேடுறேன். டைகரு கூட்டத்துக்குள்ள நொழஞ்சு வந்து, என் முன்னாடி உக்காந்து, நாக்கைத் தொங்கப் போட்டுனு பாக்குது. பாய் நாயைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு: "குடுடா, மொதல்ல அதுக்கு பிஸ்கட்டைக் குடு. உன் காலைப் பத்தி அப்புறம் பேசுவோம்."

டைகரு அன்னிக்கு ஒரு தப்பும் பண்ணலீங்க, அந்த வாயாடி நான்தான்.