கோமளாவின் ஏசி ரூம்

கோமளா இறந்துவிட்டாளாம். தூக்கத்திலேயே... காலையில் பழைய ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் மெசேஜ் வந்தது.

கூடவே ஆளாளுக்கு ஒரே போட்டோவைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆயுத பூஜை, சந்தனம் குங்குமம் வைத்த கம்ப்யூட்டர், பக்கத்தில் பட்டுப்புடவையில் கோமளா. அதில் நான் இல்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காஞ்சிபுரத்தில் எங்கள் கவர்மெண்ட் ஆபீஸ் மாடியில் அது முதலில் டைப்பிங் செக்‌ஷன். எனக்கு ஒரு மெஷின், அவளுக்கு ஒரு மெஷின், ரெண்டு பேருக்கும் பொதுவாக ஒரு ஃபேன். நான் அவளுக்கு சீனியர். ஸ்பீடிலும் நான்தான்... அவளே ஒத்துக்கொள்வாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஆபீசுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது. ஒருவரை மட்டும் மெட்ராசுக்கு டிரெய்னிங் அனுப்பவேண்டும். நான் அப்போது ரெண்டாவது பிரசவத்துக்கு லீவில் இருந்தேன். கோமளா போனாள்.

லீவு முடிந்து, கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு, தாமலிலிருந்து பஸ் பிடித்து வந்து பார்க்கிறேன்... என் ரூமையே காணோம்.

கண்ணாடிக் கதவு. தரையில் விரிப்பு. சுவரை உடைத்து ஏசி. ஜன்னலை மறைத்திருந்த வேப்பமரத்தைக்கூட அதற்காக வெட்டியிருந்தார்கள். வாசலில் ‘செருப்பை வெளியே விடவும்’ என்று போர்டு. என் மேசையும் மெஷினும் வராண்டாவில்.

"கம்ப்யூட்டருக்குத் தூசி ஆவாதும்மா" என்றார் பியூன். எனக்கு ஆகும் போலிருக்கிறது.

வயிறு எரிந்தது. சித்திரை வெயிலில் எங்களுக்கெல்லாம் ஜாக்கெட் நனைந்து முதுகோடு ஒட்டும். அந்த மாதத்தில் காஞ்சிபுரத்திலேயே ஸ்வெட்டர் போட்டிருந்த ஒரே பொம்பளை கோமளாதான். நீல கலர், அவளே பின்னியது.

"உள்ள வந்து சாப்புடுங்கக்கா, ஜில்லுனு இருக்குது" என்று தினமும் கூப்பிடுவாள். "எனக்கு ஏசி ஒத்துக்காதும்மா" என்பேன். நன்றாகவே ஒத்துக்கொள்ளும்... ஆனால் அவள் கூப்பிட்டு நான் உள்ளே போவதா? அது என் ரூம்.

அப்புறம் எல்லா மேசைக்கும் கம்ப்யூட்டர் வந்தது. ஏசி ரிப்பேர் ஆனது. கழற்றிவிட்டு ஓட்டையை பிளைவுட் வைத்து அடைத்தார்கள். கோமளாவுக்குச் செங்கல்பட்டுக்கு டிரான்ஸ்ஃபர். ரூமில் உடைந்த மானிட்டர்களைக் கொண்டுவந்து குவித்தார்கள்.

நான் சூப்பிரண்டு ஆனதும் அதைத்தான் ஒழித்து, வெள்ளையடித்து எனக்குக் கொடுத்தார்கள். மேசையை ஜன்னலைப் பார்த்துப் போட்டேன். கோமளா ஒரு தடவை வந்து பார்க்கவேண்டும் என்று இருந்தது.

அந்த மாதமே வந்தாள், ஏதோ ஒரு கையெழுத்துக்காக. நல்ல மழைக்காலம். பழக்கதோஷத்தில் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தாள். டீ வரவழைத்தேன்.

சுற்றிப் பார்த்தாள். "நல்லா இருக்குதுக்கா. ஆனா மேசைய இங்க போடாதீங்க. மரத்த வெட்னதுலேர்ந்து மத்தியானத்துக்கு மேல வெயில் கண்ணுல குத்தும். அந்தச் செவுத்தோரமா தள்ளிக்குங்க."

பார்த்தீர்களா? ரூம் எனக்கு வந்த பிறகும் மேசை எங்கே என்று அவள்தான் சொல்கிறாள்.

"எனக்கு இதான் வசதி" என்றேன். சரிக்கா என்று சிரித்துவிட்டு டீயைக் குடித்தாள்.

மழை முடிந்து தை பிறந்தது... குத்தத்தான் செய்தது. கொஞ்ச நாள் ஃபைலை முகத்துக்கு மறைப்பாகப் பிடித்துப் பார்த்தேன். அப்புறம் பியூனைக் கூப்பிட்டு மேசையைச் சுவரோரம் தள்ளச் சொன்னேன். ரிட்டயர் ஆகிற வரைக்கும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். அவளிடம் சொல்லவில்லை.

கடைசி வரைக்கும் அது உன் ரூம்தான் கோமளா. எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

போய்ட்டு வாம்மா.