ஒரு கொடியையும் உயர்த்திக் காட்டியவர்

பீல் நகர மைதானத்தில் பயிற்சிக்குச் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது வசந்தி அக்காவின் அழைப்பு வந்தது. "இவர் எங்களை விட்டிட்டுப் போயிட்டார் தம்பி. பந்து வீட்டிலைதான் கிடக்கு." எப்போதும் பந்தைக் கொண்டுவருபவர் அக்காவின் கணவர் சிவநேசன் அண்ணைதான். "இனி எங்கடை ரீமும் அவ்வளவுதான்," என்றான் ஒருவன். எனக்கும் அந்தப் பயம் வந்தது.

கடிகாரத் தொழிற்சாலையில் அவரும் நானும் ஒரே பகுதியில் வேலை செய்தோம். மெல்பேணில் இருக்கும் தம்பியைப் பார்க்கப் போனவர், முட்டை வடிவப் பந்தொன்றுடன் திரும்பினார். அவுஸ்திரேலிய உதைபந்தாட்டத்தை இந்த ஐரோப்பிய நாட்டில் தொடக்கத்தில் ஆடியவர்களில் அவரும் ஒருவரானது அப்படித்தான். "இஞ்சயிருந்து சொக்லேட் கொண்டுபோய்க் குடுத்திட்டு, அங்கயிருந்து தோல் பப்பாப்பழம் கொண்டுவந்திருக்கிறார்," என்று அக்கா எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

முதல் ஆட்டத்தை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. பந்தைக் கையால் பிடிக்கலாம் என்று அண்ணை படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனாலும் யாழ்ப்பாணத்து உதைபந்தாட்டப் பழக்கம் விடுமா? உயர வந்த பந்தை நான் தலையால் முட்டினேன். அதன் கூர்முனை பட்டு நெற்றி வீங்கியது. "கையாலை பிடியடாப்பா! கடவுள் கை தந்தவரெல்லோ!" என்று கத்திக்கொண்டே ஐஸுடன் ஓடிவந்தவர், சிரிப்பை அடக்கமுடியாமல் புல்லில் குந்திவிட்டார். குட்டை மனிதர். ஆனால் எம்பிப் பந்தைப் பிடித்தால் நெட்டை வெள்ளைக்காரர்களும் வாய்பிளந்து நிற்பார்கள்.

இந்த ஆட்டத்தில் ஒரே வரிசையில் நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்கும் இடையால் பந்து போனால் ஆறு புள்ளிகள். நடுவர் இரு கொடிகளை அசைப்பார். தவறிப் பக்கத்து இடைவெளியால் போனாலும் ஒரு புள்ளி உண்டு. அதற்கு ஒரு கொடி. முழங்கால் பழுதானபின் அண்ணை தன் பழைய வேட்டியைக் கிழித்துக் கொடிகள் செய்து, கம்பங்களுக்கிடையே நடுவராக நின்றார். ஒரு கொடியையும் அதே சந்தோஷத்துடன்தான் காட்டுவார். என் குடியுரிமை விண்ணப்பம் திரும்பிவந்த அன்றும், "கிட்டப் போயிருக்கிறாயெல்லோ? ஒரு கொடி. திரும்ப உதை," என்றார். மறுமுறை கிடைத்தது.

அவர் இல்லாத முதல் ஆட்டத்திற்கு மட்டுமட்டாகத்தான் ஆட்கள் சேர்ந்தோம். கொடி காட்ட ஒருவரும் இல்லை. அப்போது கறுப்புக் கோட்டுடன் அக்கா வந்தார். ஒரு கையில் பந்து, மறுகையில் கொடிகள். "எத்தினை வருசமாத் தோய்ச்சுக் குடுத்தனான். காட்டத் தெரியாதோ?" என்றபடி கம்பங்களுக்கிடையே போய் நின்றார்.

நான் உதைத்த பந்து பக்கத்தால் போனது. அக்கா கண்ணைத் துடைத்தார். பிறகு, கை எட்டுமட்டும் ஒரு கொடியை உயர்த்தினார்.

பந்து இப்போது என்னிடம் இருக்கிறது. பயிற்சிக்கு நான்தான் கொண்டுபோகிறேன். கொடிகள் அக்காவிடம். அடுத்த ஆட்டத்துக்குத் தோய்த்து வைத்திருக்கிறார்.